ஒரு குரல், ஒரு கிட்டார்: கிறிஸ் கார்னெலின் 'சாங்புக்' ஆல்பத்தைக் கேட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ராக் பாடகர் ஒருவர் அக்கூஸ்டிக் கிட்டாரோடு மேடையில் பாடிய ஆல்பம் என்றதும் பலருக்கும் ஒரு நினைப்பு வரும். சத்தமான பாட்டையெல்லாம் மெதுவாக்கிப் பாடியிருப்பார், மழை பெய்யும்போது போட்டுவிட்டு காபி குடிக்கலாம், அவ்வளவுதான் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். 'சாங்புக்'கை முதலில் கேட்டது ஒரு பேருந்துப் பயணத்தில், ஒரு பக்கம் மட்டும் வேலை செய்த இயர்போனில். பாதிப் பாட்டு ஹார்ன் சத்தத்தில் போனது. சுமார்தான் என்று முடிவுகட்டி இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்புறம் ஓர் இரவு கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்று, ஃபிரிட்ஜ் நின்று, தெருவே அடங்கியிருந்தது. போனில் இறக்கி வைத்திருந்தது இந்த ஆல்பம் ஒன்றுதான். வேறு வழியில்லாமல் போட்டேன். முதல் பாட்டு தொடங்குவதற்கு முன்பே, அந்த அரங்கம் எவ்வளவு பெரியது என்று காதுக்குத் தெரிந்தது. பேருந்தில் நான் கேட்டது இதைத்தானா என்று சந்தேகமாக இருந்தது.

இந்த ஆல்பத்தில் பாதி விஷயம், இல்லாதவற்றில் இருக்கிறது. டிரம் இல்லை, பேஸ் இல்லை, எலெக்ட்ரிக் கிட்டார் இல்லை. அந்த இடத்தையெல்லாம் ஒரு குரல் எப்படி நிரப்புகிறது, எங்கே நிரப்பாமல் வெறுமனே விடுகிறது என்று கேட்கத் தெரிந்துவிட்டால் ஆல்பம் திறந்துகொள்ளும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி. ஒரே நாளில் முடிக்க வேண்டாம். ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது என்ன ஆல்பம்?

2011-இல் கிறிஸ் கார்னெல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தனியாளாக ஒரு சுற்றுப்பயணம் போனார். பேண்ட் எதுவும் உடன் வரவில்லை. அந்தக் கச்சேரிகளின் பதிவுகளிலிருந்து பொறுக்கி எடுத்த 15 பாடல்கள், கூடவே ஸ்டுடியோவில் பதிவான ஒன்று, ஆக 16. அதே ஆண்டு நவம்பரில் 'சாங்புக்' வெளியானது.

ஆளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்னெல் 1964-இல் சியாட்டிலில் பிறந்தவர். 1984-இல் அங்கே தொடங்கிய சவுண்ட்கார்டன் இசைக்குழுவில் ஆரம்பத்தில் டிரம் வாசித்துக்கொண்டே பாடினார். பின்னால் கிரஞ்ச் என்று உலகம் முழுக்கப் பேர் பெற்ற இசையின் மூலவர்களில் ஒன்று அந்தக் குழு. 1994-இல் வந்த அவர்களின் 'சூப்பர் அன்னோன்' ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. 1997-இல் குழு கலைந்தது. 2001-இல் ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் மூன்று கலைஞர்களோடு சேர்ந்து ஆடியோஸ்லேவ் என்ற புதுக் குழுவைத் தொடங்கினார். அது 2007 வரை ஓடியது. இடையிடையே தனி ஆல்பங்கள். இவற்றுக்கெல்லாம் நடுவில் 1991-இல் வந்த டெம்பிள் ஆஃப் தி டாக் ஆல்பம் தனிக் கதை. அறைத்தோழனும் பாடகருமான ஆண்ட்ரூ வுட் 1990-இல் இறந்த துக்கத்தில் அவர் எழுதிய பாடல்களிலிருந்து பிறந்தது அது.

இத்தனை இடங்களிலிருந்தும் பாடல்கள் 'சாங்புக்'கில் வந்து சேர்ந்திருக்கின்றன. நான்கு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளை ஒரே பந்தியில் உட்கார வைத்த மாதிரி. யாருக்கும் தனி இலை இல்லை, எல்லாருக்கும் அதே கிட்டார், அதே தொண்டை.

படி 1: காதையும் கருவியையும் தயார் செய்வது

விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆனால் போனின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒழுங்காக வேலை செய்யும் ஹெட்ஃபோன் போதும். ஒயர் உள்ளது கிடைத்தால் நல்லது.

ஆப்பில் சில அமைப்புகளை மாற்ற வேண்டும். ஷஃபிளை நிறுத்துங்கள். ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் குழைத்துவிடும் கிராஸ்ஃபேட் வசதி இருந்தால் அதைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். மேடைப்பதிவில் கைதட்டல் அடங்கும் அந்த இரண்டு மூன்று நொடிகளும் இசைதான். அதன் மேல் அடுத்த பாட்டு ஏறி உட்காரக் கூடாது.

ஒலித் தரத்தை இருப்பதிலேயே உயர்ந்ததாக வையுங்கள். இது வெறும் பந்தாவுக்காகச் சொல்வதல்ல. எம்பி3 போன்ற சுருக்கு முறைகளுக்குக் கைதட்டல் ஒரு தலைவலி. ஆயிரம் கைகள் ஆயிரம் வெவ்வேறு கணத்தில் தட்டுகின்றன. ஒவ்வொரு தட்டலும் ஊசி முனை மாதிரி கூர்மையான ஒலி. குறைந்த தரத்தில் அந்த முனைகள் மழுங்கி, மொத்தமும் எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம் போல ஆகிவிடும். கிட்டார் கம்பியை மீட்டும் முதல் நொறுங்கலுக்கும் இதே கதிதான். உங்கள் கோப்பு நல்லதா கெட்டதா என்று பார்க்க, பாட்டை விட்டுவிட்டுக் கைதட்டலைக் கேளுங்கள். தனித்தனிக் கைகள் கேட்டால் சரி.

ஒலி அளவை வைக்கவும் கைதட்டலையே அளவுகோலாக எடுக்கலாம். நீங்கள் ஓர் அரங்கின் நடுவரிசையில் இருந்தால் கைதட்டல் எவ்வளவு சத்தமாகக் கேட்குமோ அவ்வளவு வைத்துவிட்டு, அப்புறம் தொடாதீர்கள். பாடகர் முணுமுணுக்கும் இடத்தில் ஏற்றுவது, கத்தும் இடத்தில் குறைப்பது என்று விரல் ஓடிக்கொண்டிருந்தால், அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஏற்ற இறக்கத்தை நீங்களே தட்டையாக்கிவிடுவீர்கள்.

கடைசியாக ஒன்று, ஃபேன். நம் ஊர் வெயிலில் அதை நிறுத்தச் சொல்வது கொடுமை, எனக்கும் தெரியும். ஆனால் அரங்கத்தின் எதிரொலி மெல்லத் தேய்ந்து மறைவதை மூடிவிடுவது அந்த ஃபேனின் இரைச்சல்தான். ஒருமுறையாவது நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அதிகாலை நாலரை மணி எனக்குத் தோதாக இருந்தது.

படி 2: ஒருமுறை முழுசாக, எதையும் தேடாமல்

முதல்முறை கேட்கும்போது வரிகளைத் தேடாதீர்கள், மூலப் பாடலோடு ஒப்பிடாதீர்கள், பாட்டின் பெயரைக்கூடப் பார்க்க வேண்டாம். முதல் பாட்டு 'ஆஸ் ஹோப் அண்ட் பிராமிஸ் ஃபேட்' தொடங்கியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பதினைந்தாவது பாட்டு 'இமாஜின்' முடியும்வரை கேளுங்கள். அதோடு நிறுத்துங்கள். பதினாறாவதைக் கேட்க வேண்டாம். அதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் சலிப்பு வந்தால் தப்பில்லை. எனக்கு எட்டாவது பாட்டின் பக்கம் வந்தது. ஒரே கருவி, ஒரே குரல் என்னும்போது காது ஓரிடத்தில் களைத்துத்தான் போகும். எங்கே களைத்தது, எந்தப் பாட்டு மறுபடி நிமிர வைத்தது என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிமிர வைத்த பாட்டுதான் உங்களுக்கான வாசல். அடுத்த படிக்கு அது உதவும்.

படி 3: ஜோடி சேர்த்துக் கேட்பது

இந்த வழிகாட்டியின் முக்கியமான படி இதுதான். நேரம் இல்லாதவர்கள் மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

முறை எளிது. மூலப் பாடலைக் கேளுங்கள், உடனே 'சாங்புக்' வடிவத்தைக் கேளுங்கள், பிறகு மறுபடி மூலம். இந்த மூன்றாவது சுற்றைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். அக்கூஸ்டிக் வடிவம் காதில் இருக்கும்போது மூலத்தைக் கேட்டால், அதற்குள் புதைந்து கிடந்த மெட்டு தனியாக மேலே மிதந்து வரும்.

எளிதான ஜோடி 'ஐ ஆம் தி ஹைவே'. 2002-இல் வந்த ஆடியோஸ்லேவின் முதல் ஆல்பத்தில் இருப்பது. அங்கேயே அது நிதானமான பாட்டுதான், அதனால் இரண்டுக்கும் இடைவெளி குறைவு. காதைப் பழக்குவதற்கு ஏற்றது. மூலத்தில் டிரம் நுழையும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மேடை வடிவத்தில் அதே இடத்தில் கார்னெல் என்ன செய்கிறார் என்று பாருங்கள். டிரம் தந்த எடையை வேறு எதையோ கொண்டு அவர் ஈடுகட்ட வேண்டும். குரலைத் தடிமனாக்குகிறாரா, கிட்டாரை அழுத்தி அடிக்கிறாரா, இல்லை சும்மா விட்டுவிடுகிறாரா? இந்த ஒரு கேள்வியை எல்லாப் பாடல்களிடமும் கேட்கலாம்.

அடுத்து 'கிரவுண்ட் ஜீரோ'. இது வேடிக்கையான ஜோடி. 2009-இல் கார்னெல் 'ஸ்கிரீம்' என்று ஓர் ஆல்பம் போட்டார். தயாரிப்பாளர் டிம்பலண்ட், ஹிப்ஹாப்பிலும் ஆர்அண்ட்பியிலும் கொடி கட்டியவர். ராக் ரசிகர்கள் பலர் அதைக் கேட்டுக் கொதித்துப் போனார்கள். எலெக்ட்ரானிக் தாளமும் சின்த்தும் நிறைந்த அந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்து, ஒற்றைக் கிட்டாரோடு மேடையில் நிறுத்தியிருக்கிறார். கேட்டால், பாட்டில் குறை இல்லை, போட்டிருந்த சட்டைதான் பலருக்குப் பிடிக்கவில்லை என்று புரியும். என் கட்சி அதுதான். மூன்றாவது சுற்றில் டிம்பலண்ட் வடிவம்கூட எனக்கு முன்பைவிடப் பிடித்துப்போனது, அது வேறு விஷயம்.

சவுண்ட்கார்டனின் 'ஃபெல் ஆன் பிளாக் டேஸ்' பாட்டுக்குக் கையைத் தொடையில் போட்டு எண்ணத் தொடங்குங்கள். ராக் பாட்டில் பெரும்பாலும் நாலு நாலாக எண்ணுவோம். இங்கே அப்படி எண்ணினால் கால் இடறும். ஆறாக எண்ணிப் பாருங்கள், சரியாக விழும். ரூபக தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு ஆறு ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் நாலுக்குப் பழகிய காதுக்கு, ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ இரண்டு அடி கூடுதலாக இழுபடுவது போல இருக்கும். அந்த இழுபடல் பாட்டின் பொருளோடு பொருந்திப் போகிறது. எல்லாம் நன்றாகத்தான் போகிறது, வெளியே எந்தக் கேடும் நடக்கவில்லை, ஆனாலும் ஒரு நாள் திடீரென்று தான் மிகவும் துயரத்தில் இருப்பது தெரிகிறது என்னும் அச்சம்தான் இந்தப் பாட்டு என்று கார்னெல் பேட்டியில் விளக்கியிருக்கிறார். மூலத்தில் டிரம் எண்ணிக்கையைச் சுமந்துகொள்கிறது, நாம் கவனிக்காமலே போய்விடலாம். தனிக் கிட்டாரில் அந்த ஆறு அம்மணமாக நிற்கிறது.

இனி சவுண்ட்கார்டனின் 'பிளாக் ஹோல் சன்'. இதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள்.

பாட்டு பிறந்த கதை சுவையானது. சியாட்டிலுக்கு வெளியே உட்டின்வில்லில் இருக்கும் பேர் க்ரீக் ஸ்டுடியோவிலிருந்து காரில் வீட்டுக்குப் போகும் வழியில், தலைக்குள்ளேயே எழுதியதாகக் கார்னெல் சொல்லியிருக்கிறார். தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர் சொன்ன ஏதோ ஒன்று அவர் காதில் தப்பாக விழ, தலைப்பு அதிலிருந்து கிடைத்ததாம். அப்படி வந்த பாட்டு 1995-இல் கிராமி விருது வாங்கியது.

மூல வடிவத்தின் தொடக்கத்தில் கிட்டார் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல அலையும். அதற்குக் காரணம் லெஸ்லி ஸ்பீக்கர். ஹேமண்ட் ஆர்கனுக்காக உருவான பெட்டி அது. உள்ளே ஒலியை வெளியே தள்ளும் பகுதி சுழன்றுகொண்டே இருக்கும். ஒலி நம்மை நெருங்கி விலகி, நெருங்கி விலகி வருவதால் அந்த அலைச்சல் உண்டாகிறது. பாட்டின் அமானுஷ்ய உணர்வில் பாதி அந்தச் சுழற்சி தருவதுதான். பல்லவியில் எலெக்ட்ரிக் கிட்டார்களும் டிரம்மும் அடுக்கடுக்காக வந்து மூழ்கடிக்கும்.

மேடை வடிவத்தில் அந்தப் பெட்டியும் இல்லை, அந்த அடுக்குகளும் இல்லை. அப்படியானால் அந்த விநோத உணர்வு போய்விட்டதா? போகவில்லை. எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் உங்கள் வேலை. என் காதுக்குப் பட்டதைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது மெட்டுக்குள்ளேயே இருக்கிறது. நாம் எதிர்பார்க்கும் இடத்துக்குப் போகாமல், பக்கத்துப் படியில் கால் வைத்து இறங்கும் ஸ்வரங்கள் இந்தப் பாட்டில் நிறைய. மூலத்தில் கிட்டார் அலைவதால் பாட்டே அலைவதாக நினைத்தோம். மெட்டு முதலிலிருந்தே அலைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்த பிறகு மூலத்தைக் கேட்டால், லெஸ்லி பெட்டி வெறும் அலங்காரமாக இல்லாமல் மெட்டின் நிழல் மாதிரி தெரிகிறது.

இன்னும் ஒரு ஜோடி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆடியோஸ்லேவின் 'லைக் எ ஸ்டோன்' மூலத்தில், அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டாம் மொரெல்லோ தனியாக வாசிக்கும் சோலோ புகழ்பெற்றது. வாமி பெடல் என்னும் கருவியைக் காலால் மிதித்து, ஸ்வரத்தை ரப்பர் போல இழுத்து எகிற வைப்பார். தாளமும் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சோலோவையும் ஒற்றை அக்கூஸ்டிக் கிட்டாரில் ஒருவர் வாசிக்க முடியாது. சோலோ வரவேண்டிய இடம் வரும்போது உங்கள் காது தானாக அதைப் பாடிக்கொள்ளும் பாருங்கள். மூலத்தை நூறுமுறை கேட்டவர்களுக்கு மட்டும் கேட்கும் சோலோ அது. மேடையில் யாரும் வாசிக்கவில்லை.

'தேங்க் யூ'வையும் 'இமாஜி'னையும் பற்றி ஒரு வார்த்தை. முதலாவது லெட் செப்பலினின் 1969-ஆம் ஆண்டுப் பாட்டு, இரண்டாவது ஜான் லெனனின் 1971-ஆம் ஆண்டுப் பாட்டு. 'தேங்க் யூ' அருமை. செப்பலினில் ராபர்ட் பிளான்ட்டின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ராக் பாடகர், மரியாதையோடும் கொஞ்சம் உரிமையோடும் பாடுகிறார். 'இமாஜின்' எனக்குப் பிடிபடவில்லை. நன்றாகத்தான் பாடுகிறார், ஆனால் லெனன் வைத்ததற்கு மேல் எதையும் வைக்கவோ எடுக்கவோ இல்லை. அதை விட்டுவிட்டு 'கால் மீ எ டாக்' பாட்டை இரண்டு முறை கேட்கலாம்.

படி 4: குரலை மட்டும் பின்தொடர்வது

கார்னெலின் குரல் ஏறத்தாழ நான்கு ஸ்தாயி தொடும் என்று சொல்வார்கள். அந்த எண்ணில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. எட்டுக் கட்டையில் எடுத்துக் கத்துகிறவர்கள் உலகில் நிறையப் பேர். கவனிக்க வேண்டியது ஒரு ஸ்தாயியிலிருந்து இன்னொன்றுக்கு அவர் எப்படிப் போகிறார் என்பது.

'ஃபெல் ஆன் பிளாக் டேஸ்' பாட்டையே மறுபடி எடுங்கள். தாழ்ந்த இடத்தில் அவர் குரல் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது, தொண்டை தளர்ந்து மூச்சுக் காற்று கலந்து வருகிறது. மேலே போகப் போகக் காற்று குறைந்து குரல் இறுகுகிறது. உச்சத்துக்குப் பக்கத்தில் கரகரப்பு சேர்கிறது. அந்தக் கரகரப்பைப் பார்த்து 'கத்துகிறார்' என்று சொல்லிவிட வேண்டாம். சுதி விலகுகிறதா என்று பாருங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியை வேண்டுமென்றே கிழிய வைப்பார்களே, அதுபோல ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே குரலின் விளிம்பை மட்டும் கிழிய வைக்கிறார். இந்த ஆல்பத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் இல்லையென்று சொன்னேனே, அது முழு உண்மையில்லை. அவர் தொண்டைக்குள் ஒன்று இருக்கிறது.

இதற்கு நேர் எதிராகச் சில இடங்களில் கரகரப்பே இல்லாமல் மெல்லிய கள்ளக்குரலுக்குத் தாவுவார். எந்த இடத்தில் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று இரண்டு மூன்று பாடல்களில் குறித்துவையுங்கள். ஸ்டுடியோவில் ஒரே பாடகரின் குரலை இரண்டு மூன்று அடுக்காகப் பதிந்து தடிப்பாக்கலாம். தனியாள் மேடையில் அந்தச் சலுகை கிடையாது.

மூச்சு எடுக்கும் ஒலியையும் கேளுங்கள். நீளமான வரிக்கு முன்னால் வரும் மூச்சு வேறு, அவசரத்தில் திருடும் மூச்சு வேறு. குரல் பெரிதாகும் இடங்களில் ஒலி கொஞ்சம் தள்ளிப்போய் அறையின் எதிரொலி கூடினால், மைக்கிலிருந்து தலையைப் பின்னுக்கு இழுத்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். மேடை பழகியவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

படி 5: கிட்டார், கொஞ்சமாக

கார்னெல் பெரிய வித்வத் காட்டும் கிட்டார் கலைஞர் அல்ல, இந்த ஆல்பத்திலும் காட்ட முயலவில்லை. ஆனால் டிரம்மராகத் தொடங்கியவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவருடைய வலது கையைக் கேளுங்கள். தாளம் பிடிப்பது அந்தக் கைதான்.

சவுண்ட்கார்டன் பாடல்கள் பலவற்றில் கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பியை 'ஈ'யிலிருந்து 'டி'க்குத் தளர்த்தி வைப்பார்கள். டிராப் டி என்று பெயர், 'பிளாக் ஹோல் சன்'னிலும் உண்டு. அடியில் கிடைக்கும் அந்தக் கூடுதல் கனம் ஹெவி ராக்குக்கு ரொம்ப உதவும். கம்பிச் சுருளில் விரல் வழுக்கும்போது வரும் 'கீச்' சத்தத்தைச் சிலர் குறையென்பார்கள். எனக்கு அது பிடிக்கும். கை எங்கிருந்து எங்கே போகிறது என்று அதுதான் சொல்கிறது.

படி 6: கூட்டமும் அரங்கமும்

பாடல்கள் ஒரே இரவில் ஒரே மேடையில் பதிவானவை அல்ல, சுற்றுப்பயணத்தின் பல கச்சேரிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. எனவே பாட்டுக்குப் பாட்டு அரங்கம் மாற வாய்ப்புண்டு. ஒரு பாட்டின் கடைசி ஸ்வரத்துக்கும் அடுத்த பாட்டின் கடைசி ஸ்வரத்துக்கும் எதிரொலி தேய எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கூரை எவ்வளவு உயரம் என்று யோசித்தால், சில பாடல்களில் பதில் மாறும்.

கூட்டம் எப்போது கத்துகிறது என்பதிலும் செய்தி இருக்கிறது. தெரிந்த பாட்டு என்றால் முதல் சில ஸ்வரங்களிலேயே ஒரு குரல் எழும். எத்தனையாவது ஸ்வரத்தில் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று எண்ணலாம், சின்னப்பிள்ளை விளையாட்டுத்தான், ஆனால் நன்றாக இருக்கும். 'கிளீனிங் மை கன்' அதுவரை எந்த ஆல்பத்திலும் வராத பாட்டு. அதற்குக் கூட்டம் எப்படி நடந்துகொள்கிறது, 'பிளாக் ஹோல் சன்'னுக்கு எப்படி என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

படி 7: வரிகள், கடைசியில்தான்

இப்போது வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கலாம். முன்பே எடுத்திருந்தால் கண் காதை முந்தியிருக்கும். கார்னெலின் வரிகள் பல நேரங்களில் படிமங்களாகவே நிற்கும். அகராதி வைத்துக்கொண்டு பொருள் தேடினால் ஏமாற்றம்தான் கிடைக்கும். விதிவிலக்காக 'வைட் அவேக்' இருக்கிறது. 2005-இல் நியூ ஆர்லியன்ஸைச் சீரழித்த கத்ரீனா புயலையும், மக்களைக் கைவிட்ட அரசையும் பற்றிய கோபம் அது. 2006-இல் ஆடியோஸ்லேவ் பாடியபோது கோபத்தைக் கிட்டார்கள் சுமந்தன. தனியாகப் பாடும்போது வார்த்தைகள் தாங்களே சுமக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பாட்டுக்கு மட்டும் வரிகளை முதலில் படித்துவிட்டே கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை

2017 மே 18 அன்று, டெட்ராய்ட்டில் சவுண்ட்கார்டன் கச்சேரி முடிந்த சில மணி நேரத்தில் கார்னெல் இறந்தார். வயது 52. தற்கொலை என்று அறிவித்தார்கள். அது தெரிந்த பிறகு இந்த ஆல்பத்தின் ஒவ்வொரு இருண்ட வரியும் சகுனம் போலக் கேட்கத் தொடங்கும். நானும் அந்தக் குழியில் விழுந்தேன். சில மாதங்கள் 'லைக் எ ஸ்டோன்' பாட்டைப் போடவே கை வரவில்லை.

ஆனால் 2011-இல் அந்த மேடையில் நின்றவர் விடைபெற வந்தவர் அல்ல. முந்தின ஆண்டுதான் சவுண்ட்கார்டன் மறுபடி ஒன்றுசேர்ந்திருந்தது. அடுத்த ஆண்டு 'கிங் அனிமல்' என்று புது ஆல்பமும் வந்தது. தன் பழைய பாடல்களையெல்லாம் எடுத்துப் பார்த்து, இன்னும் தாங்குகிறதா என்று தட்டிப் பார்க்கும் ஒரு 46, 47 வயது ஆளின் பதிவு இது. முடிந்தவரை அந்த ஆளாகவே அவரைக் கேட்டுப் பாருங்கள்.

இதற்குப் பிறகு கேட்க

கார்னெலின் 2015 தனி ஆல்பமான 'ஹையர் ட்ரூத்' இதே அக்கூஸ்டிக் பாதையில் போகிறது. சவுண்ட்கார்டனின் 'ரஸ்ட்டி கேஜ்' பாட்டை அமெரிக்க கண்ட்ரி இசை ஜாம்பவான் ஜானி கேஷ் 1996-இல் தன் பாணியில் பாடியிருக்கிறார், அதைக் கட்டாயம் கேளுங்கள். வேறு ஒருவர் அதே உரிப்பு வேலையை எப்படிச் செய்கிறார் என்று தெரியும். சியாட்டில்காரர்களின் அக்கூஸ்டிக் மேடைகளில் நிர்வானா 1993 நவம்பரில் நியூயார்க்கில் பதிந்ததும், ஆலிஸ் இன் செயின்ஸ் 1996 ஏப்ரலில் புரூக்ளினில் பதிந்ததும் உண்டு. அவை குழுவாக வாசித்தவை. 'சாங்புக்'கின் தனிமை அவற்றில் கிடைக்காது, வேறு சில கிடைக்கும்.

பதினாறாவது பாட்டு

இப்போது அதைக் கேட்கலாம். 'தி கீப்பர்' என்பது பெயர். 2011-இல் வந்த 'மெஷின் கன் ப்ரீச்சர்' என்ற படத்துக்காக எழுதிய பாட்டு. ஆல்பத்தில் ஸ்டுடியோவில் பதிவானது இது ஒன்றுதான். பாட்டாகப் பார்த்தால் எளிமையானது, அழகானது.

ஒரு வாரமாக அரங்கத்தோடு கேட்டுப் பழகிய காதோடு இதைப் போடுங்கள். குரல் சட்டென்று பக்கத்தில் வந்துவிடும், பின்னால் கூரையே இருக்காது. நான் முதன்முதலில் எல்லாப் படிகளையும் முடித்துவிட்டு இதைக் கேட்டபோது, கடைசி ஸ்வரம் அடங்கியதும் கைதட்டலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அடுத்த வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள்.